எடுக்கிற நேரம்

ராத்திரி பதினொன்றரை.
கேரிபேக்கில் ரோசாமாலையோடு வந்து
பக்கிரிசாமி வீடு இதுதானே என்றார்.
ஆமாம்.
எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?
படகைக் கேட்கிறார் போல என்று
நாலு மணிக்கு என்றேன்.
வாசலிலேயே குந்தி அழ ஆரம்பித்துவிட்டார்.

தண்ணீர் குடித்த பிறகுதான் விளங்கியது.
திருப்பூரில் பதினோரு வருசம் கூட வேலை பார்த்தவனாம்.
ஊர் முத்துப்பேட்டை, கடல் பக்கம்,
அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான்.
திருவாரூர்ப் பக்கமும் ஒன்று இருப்பதை
ராமநாதபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டவர் சொல்லவில்லை.

அப்ப நீங்க?
நான்தான் பக்கிரிசாமி.
கையெடுத்துக் கும்பிட்டார்.

முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும்.
சோறு வேண்டாமென்றார்,
பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.
என்னிடம் மட்டும்
இன்றைக்குப் போகாதே என்றாள் செல்லக்கனி.
ஐஸ் ஏற்றியாகிவிட்டது.

நாலு மணிக்கு எடுத்தோம்.
தீவு தாண்டியதும்
அணியத்தில் கட்டியிருந்த மாலையை அவிழ்த்தேன்.
சோழகக் காற்று. நீரோட்டம் வடக்கே.
பாம்பனுக்குள் நுழைந்துவிட்டால்
மேலே அந்த ஊர்க் கரைதான்.

பக்கிரிசாமி, என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன்.
சுக்கான் பிடித்திருந்தவன்
யாரைக் கூப்பிடுறே என்றான்.