தீவன நேரம்

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
கோயமுத்தூர்க் கல்யாண மிச்சம்
பீப்பாய் பீப்பாயாய் வரும்.
லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்துக்கே
நானூறு பன்றிகள் கம்பிமேல் ஏறும்.
அந்த அலறலுக்குப் பயந்து
புதான் முண்டா காதில் பஞ்சு வைப்பான்.

மாசியில் குட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்து
நாலு காலாலும் காற்றில் நீந்தின.
மிருக டாக்டர் வருவதற்குள் ஏழு.
தேவஸ்ஸிக்குட்டி முதலாளி திருச்சூரிலிருந்து சொன்னார்:
"மருந்தைத் தீவனத்துல கலக்கு. எல்லாத்துக்கும்."
எத்தனை கிராம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.
அளவுக் கட்டத்தில்
'ஒரு கை' என்று எழுதினேன்.

எட்டாவதை இழுத்துப் போகையில்
தகரம் கிழித்தது புதானின் கட்டைவிரலை.
மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான்தான்.

மூன்றாம் நாள் கழுத்து வளையவில்லை.
பாலக்காட்டில் முதுகுத்தண்டில் நீரெடுத்தார்கள்.
கிருமிக்கு நீளமான பேர்.
பின்பாதி, பன்றி என்றுதான் அர்த்தமாம்;
நர்ஸ் சொன்னாள்.

பிழைத்துவிட்டான்.
ராஞ்சிக்குப் போகக் கடன் விடவில்லை,
இங்கேயே வந்தான்.

சித்திரை வெயில்.
லாரி பின்னால் வந்தது.
கொட்டடி முழுக்க வாய்கள் திறந்தன.
நடுவே வாளியோடு நின்றவன்
சட்டைப்பையில் கைவிட்டான், பழக்கத்தில்.
கொஞ்ச நேரம் உள்ளங்கையைப் பார்த்தான்.
பிறகு ஊருக்கே கேட்கும் குரலில்
"அக்கா" என்று கூப்பிட்டு
என்னிடம் நீட்டினான்,
அழுக்கேறிய இரண்டு உருண்டை,
அவன் காதின் அளவில்.