செல்லாதது

எட்டாம் மேசை எனக்கு. பதினேழு சுற்று.
கம்பிவலைக்கு அப்பால் நின்ற முகவர்கள்
நான் வாய்திறக்கும் முன்பே
என் உதட்டைப் பார்த்துக் கூட்டிக்கொண்டார்கள்.
நாலரை மணிக்கு முடிந்தது.
நூற்றுக்கு முப்பத்து நாலு வாங்கியவர் வென்றார்.
மேலூர் ரோடு முழுக்கச் சரவெடி.
மீதி அறுபத்தாறை
இயந்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து
அரக்கு உருக்கி ஒட்டினோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு,
தல்லாகுளத்தில் ஒரு மாடி அரங்கு.
வாக்கு முறையை மாற்றலாமா என்று
பேராசிரியர் எட்வின் சகாயம் பேசினார்.
திரையில் கேக் மாதிரி ஒரு வட்டம்.
"முப்பத்து நாலு பங்கு வாக்குக்கு
முப்பத்து நாலு பங்கு இடம்.
நான் கேட்பது அவ்வளவுதான்."

உசிலம்பட்டிப் பால் சங்கத்து ஒச்சம்மாள்
மைக்கை வாங்கவில்லை. தேவைப்படவும் இல்லை.
"எங்க தெருவுல சாக்கடை அடைச்சா
இப்ப ஒரு ஆளு இருக்காருங்கய்யா.
திட்டுறதுக்காச்சும் இருக்காரு.
நாளைக்கு விகிதாச்சாரம் வீடு எதுன்னு
யாருகிட்ட வழி கேக்க?"

அரங்கு சிரித்தது, பேராசிரியரும்தான்.
கலப்பு முறை என்றார்.
ஆளுக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று, இரண்டு வாக்கு.
"அந்தக் கட்சிச் சீட்டுல பேரெழுதுறது யாரு?"
என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள் ஒச்சம்மாள்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பந்தடித் தெரு துளசிராமுக்குச்
சாயப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலை,
நாற்பது வருடமாய் ஒரே சின்னக் கட்சி.
"தொகுதிக்கு நாலாயிரம் எங்களுக்கு எப்பவும் உண்டு.
தண்ணீர்ல நல்லெண்ணெய் தெளிச்ச மாதிரி.
குளம் பூரா மினுங்குது,
ஒரு கரண்டி அள்ள முடியலை."

நெல்பேட்டை நஸ்ரின் சட்டம் படிக்கிறாள்.
இரண்டு முறை வாக்களித்திருக்கிறாள்,
இரண்டு முறையும் பிடிக்காதவருக்கு,
பயப்படுகிறவர் வந்துவிடக் கூடாதென்று.
"ஒரு தடவையாவது
பிடிச்ச பேருக்கு நேரா ஒண்ணுன்னு எழுதிட்டு
பயத்தை ரெண்டாவதா எழுதணும் சார்."

சரி, எழுதிப் பார்ப்போம் என்றார் பேராசிரியர்.
டீ, காபி, சுக்குமல்லி.
ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துங்கள்.
முப்பத்தாறு தாளும்
ஒச்சம்மாளின் டிபன் தூக்கில் விழுந்தன.
எண்ணுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்,
என் விரல் ஊருக்கே தெரிந்துவிட்டது போல.

டீ பதினாலு. காபி பன்னிரண்டு. சுக்குமல்லி ஒன்பது.
கடைசியை நீக்கி
அந்த ஒன்பதின் இரண்டாம் விருப்பத்தைப் பிரித்ததில்
ஏழு காபிக்குப் போனது.
பத்தொன்பது, பதினாறு.
தோற்ற காபி வென்றதும் துளசிராம் கைதட்டினார்.
அப்போது கீழ்க்கடைப் பையன் வந்து சொன்னான்:
"பால் தீர்ந்துருச்சு. சுக்குமல்லிதான் இருக்கு."

என் கையில் முப்பத்தாறாவது தாள் இருந்தது.
எண்ணே இல்லை அதில்.
'யாராவது ஃபேனைப் போடுங்கள்' என்று
நீல மையில், கோணலாக.

செல்லாது என்று தனியே வைத்தேன்.
வைத்த கை அங்கேயே நின்றது.

எண்ணிக்கை நாள் மதியம்
ஒன்றாம் மேசை வளர்மதி
தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:
"டீச்சர், உங்க தபால் ஓட்டைப் பிரிக்கவே இல்லை.
உறுதிமொழித் தாள்ல சான்றுக் கையெழுத்து விட்டுப்போச்சு."
பிறகு ஊறுகாய் கேட்டாள். கொடுத்தேன்.
அதன் பிறகும் ஒன்பது சுற்று,
ஒரு எண் பிசகாமல்
மற்றவர்களின் விருப்பத்தை வாசித்தேன்.

பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போயிருந்தார்,
ஏதோ குளிர்நாட்டின் சட்டசபை, அரைவட்டமாய்.
துளசிராமின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

எழுந்துபோய் சுவிட்சைப் போட்டேன்.

எண்ணி முடித்த முப்பத்தைந்தும்
மேசையை விட்டுப் பறந்தன.
யாரும் குனிந்து பொறுக்கவில்லை.
காற்று நன்றாக இருந்தது.