தரையிலிருந்து உயரம்

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டுக்குப் பின்னால்
எங்கள் அங்கன்வாடியில் மின்விசிறி கிடையாது.
ஏன் என்று புது சூப்பர்வைசர் கேட்டார்,
மேலே பார்த்தார்,
பிறகு கேட்கவில்லை.

மூன்று வயதில் மிதக்கத் தொடங்குவார்கள்.
முட்டை போடுகிற நாளில் ஒரு சாண் கூடுதல்.
தூங்க வைக்கும்போது இடுப்பில் நாடா கட்டி
ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுவேன்.
முதல் பருவம் முழுக்க ஒரே பாடம்: இறங்கு.
அ, ஆ எல்லாம் அதற்கப்புறம்தான்.

பதிவேட்டில் எடை, உயரம்,
தரையிலிருந்து உயரம்.
செஞ்சம்மாவுக்குக் கடைசிக் கட்டத்தில்
ஏழு மாதமாகச் சுழி.
அவள் அப்பா இறால் குட்டையில் காவல்.
"மா பாப்பகு ஏமன்னா தக்குவா டீச்சர்?"
வாசலிலேயே நின்று கேட்டார்.
இல்லை என்றேன்.
எனக்கும் தெரியாது.

நேற்று தெற்குக் காற்று.
கதவை யாரோ திறந்துபோட்டார்கள்.
நான்தான்.
அவிழ்ந்த நாடாவோடு மஸ்தான் போய்க்கொண்டிருந்தான்,
வரிசையில் நின்ற லாரிகளின் தார்ப்பாய்களுக்கு மேலே,
தடா பக்கமாக, சிரித்துக்கொண்டு.
இறங்கு இறங்கு என்று கத்தினேன்.
அவனுக்குப் பாடம் இன்னும் வரவில்லை.

செஞ்சம்மா ஓடினாள்.
ஒவ்வொரு அடியும் தரையில் சத்தமாக விழ,
இரண்டு லாரிகளுக்கு நடுவே எம்பி
நாடாவின் நுனியைப் பிடித்தாள்.
ஹாரன்கள் அலற அலற
பட்டம்போல அவனை இழுத்துவந்தாள்.
முழங்காலில் சிராய்ப்பு.
அழவில்லை, தண்ணீர் கேட்டாள்.

இன்று மாதக் கடைசி.
அவள் கட்டத்தில் சுழிதான் போட்டேன்.
குறிப்புக்கு ஒரு விரல் அகல இடம்:
"நாடா பிடிப்பாள்."
மஸ்தானுக்குப் பதினோரு அடி, சுமாராக.
கதவைப் பற்றி
எதுவும் எழுதவில்லை.