மூடுபனிக்குக் கட்டம் இல்லை

ஜூன் பிறந்ததிலிருந்து
படகில் கால் வைக்கும்போதே கேட்கிறார்கள்:
"ரொசாவுரோ, இன்றைக்கு வானம் எப்படி?"
"மோசம்" என்றேன்.
மோசத்துக்குக் கட்டம் இல்லையாம்.

அடைமழை, தூறல், சாரல், வெயில், மூடுபனி.
ஐந்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
இருபத்தாறு வருடமாக சிலோயேத் தீவுகளுக்கு நடுவே
பிடிவாதக்காரியை ஓட்டுகிறவன் நான்
(படகின் பெயர் அது. மனைவி பெயர் எடித்தா).
இங்கே பெய்வதையெல்லாம் ஐந்து கட்டத்தில் அடைக்க
யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்?
பதினோரு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது.

தூறலா சாரலா என்று ஒரு வாரம் சண்டை.
காற்று தள்ளினால் சாரல் என்றான் துல்யோ.
எவ்வளவு தள்ளினால்?
மில்லாராய் எழுந்து படகின் முனையில் நின்றாள்,
கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிக் காட்டினாள்:
முன்பக்கம் ஈரம், முதுகு காய்ந்திருந்தது.
"இதுதான் சாரல்."
அன்றிலிருந்து அதுவே சட்டம்.
நெல்தா டீச்சர்கூட முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

பதினேழாம் தேதி வெயில் வந்தது.
ஓர் ஆப்பிளைத் தின்று முடிக்கும் நேரம்தான்.
இதற்கு முழுக்கட்டம் கொடுக்கலாமா?
கை தூக்கச் சொன்னார்கள், நானும் தூக்கினேன்.
கொடுத்துவிட்டோம்.

மாதக் கடைசியில்
பள்ளி அடுப்புக்கு விறகு இறக்கப் போனேன்.
சுவரில் தாள்.
நோட்டில் விறகுச் சுள்ளிபோல் நாலு நட்டுவைத்து
ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டிய கட்டெல்லாம்
இங்கே நிறம் பூசி எழுந்து நின்றன.
அடைமழை ஆறு. தூறல் ஐந்து. சாரல் நாலு.
வெயில் ஒன்று, மஞ்சளாக, குட்டையாக.
மூடுபனிக்கு மேலே
வெறும் வெள்ளைத் தாள்.

சிரித்துவிட்டேன்.
ஜூனில் மூடுபனியே இல்லையா?
எந்த ஊர்க் கடல் இது?

யாரும் சிரிக்கவில்லை.
மில்லாராய் விரல்விட்டுக் கூட்டினாள். பதினாறு.
நாட்காட்டிக்குப் போனாள். பள்ளி நாள் இருபத்தொன்று.
பிறகு என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாக:
"மூடுபனி வந்தால் நீ வரமாட்டாய்.
நீ வராவிட்டால் டீச்சர் இல்லை.
டீச்சர் இல்லாவிட்டால் பள்ளி இல்லை.
அப்புறம் யார் எண்ணுவது?"

விறகைக் கீழே வைத்தேன்.
ஒன்பது வயது.
என் வாழ்நாளில் எனக்குத் தோன்றவில்லை இது.

படகுக்கு ஓடி டீசல் கணக்கு நோட்டை எடுத்து வந்தேன்.
ஒரு லிட்டரும் எரியாத தேதிகள்:
நாலு, ஐந்து, பன்னிரண்டு, இருபத்து நாலு, இருபத்தாறு.
துல்யோ சாம்பல் நிறத்தைக் கூராக்கினான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது கட்டத்தில் பென்சில் இறங்கும்போது
"பொறு" என்றேன்.

இருபத்து மூன்று இரவு சான் ஹுவான் திருவிழா.
என் தம்பி வீட்டு ஆப்பிள் மது.
காலையில் ரேடியோவில்
"கண்ணே தெரியவில்லை" என்று சொன்னது உண்மை.
மூடுபனியால் என்று சொன்னதுதான்...

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தோள் குலுங்கியது.

"அப்படியென்றால் அன்றைக்கு வானம் எப்படி?"
தெரியாது, மில்லாராய்.
பதினோரு மணிக்குத்தான் எழுந்தேன்.

தாளின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து
ஆறாவதாக ஒரு பட்டை எழுப்பினார்கள்.
உயிர்காப்புச் சட்டையின் ஆரஞ்சு நிறம்.
அடியில் எழுத்துப்பிழையோடு என் பெயர்.
மூடுபனி நாலு.
நானும் வெயிலும் ஒரே உயரம்.

ஜூலை ஒன்று. இன்னும் விடியவில்லை.
படகுத்துறையில் புதுத்தாளோடு நிற்கிறாள்,
பென்சில் முனையை நாக்கில் தொட்டபடி.
எஞ்சினை நிறுத்திவிட்டு
ஒழுங்காக, நிதானமாக
அண்ணாந்து பார்த்தேன்.