பதினைந்து நாற்பத்தொன்று

கொணவட்டத்தில் தடுப்புக் கட்டைகளை
வளைத்து வளைத்து வைத்திருந்தார்கள்.
பின்னால் பதினோரு மூட்டை இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
நாலரைக்குள் மார்க்கெட்டில் இறக்காவிட்டால்
விலை நம் கையில் இல்லை.

"ஊது" என்றார் ஏட்டு நாகப்பன்.
ஊதினேன்.
"நல்லா ஊது. பலூன் ஊதினதில்லையா?"
எனக்கு முன்னால் ஊதியவன் எச்சில்
அந்தக் குழாயில் இருந்ததா என்று
கேட்கத் தோன்றவில்லை.
கேட்கலாம் என்பதே தெரியாது.

கருவி கொஞ்சம் யோசித்தது.
முப்பத்தெட்டு.
நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரை
சட்டம் கண்டுகொள்ளாதாம்.
மேலே எட்டு.
எட்டு மில்லிகிராம் என்பது எவ்வளவு?
என் தராசில் அதற்குப் படிக்கல் இல்லை.

வண்டி ஸ்டேஷனுக்குப் போனது.
லைசென்சும் போனது, பதிலுக்கு ஒரு ரசீது.
விடிந்ததும் சம்பூரணம் மொபெட்டில் வந்தாள்.
மூட்டைகளை இரண்டிரண்டாக ஆறு நடை அடித்தாள்,
கடைசி நடைக்கு ஒன்றே ஒன்று.
ஒரு வார்த்தை பேசவில்லை.
முள் குத்திய விரலை மட்டும்
என் எதிரில் நின்று வாயில் வைத்துச் சூப்பினாள்.

"பத்தாயிரம் கட்டினா அன்னிக்கே முடிஞ்சிடும்"
என்றார்கள் சத்துவாச்சாரி கோர்ட் வாசல் டீக்கடையில்.
"கட்டினா ஒத்துக்கிட்டதா அர்த்தம்"
என்றார் வக்கீல் பிரிசில்லா.

அவர் கேட்டதில் ஒன்றுக்கும் நான் பாஸாகவில்லை.
குழாயைப் புதுசாகப் பிரித்துப் போட்டாரா?
கருவியைச் சரிபார்த்த சான்று எந்தத் தேதி?
இரண்டாம் தடவை ஊதச் சொன்னாரா?
"ரத்தம் எடுங்கன்னு கேட்டீங்களா?
ரெண்டு மணி நேரத்துக்குள்ள
அடுக்கம்பாறைக்குக் கூட்டிப் போயிருக்கணுமே."
நான் கத்திரிக்காயைப் பற்றித்தான் கேட்டேன், மேடம்.

சீட்டை வாங்கிப் பார்த்தார்.
மளிகை பில் போல வழுவழுக் காகிதம்.
வேலூர் வெயிலில், சட்டைப்பைக்குள்ளேயே
எழுத்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.
"முதல்ல ஜெராக்ஸ் எடுங்க.
வாய்தாவுக்குள்ள வெத்துத் தாளாயிடும்."

எடுத்து வந்ததை வெளிச்சத்தில் பிடித்தவர்
சிரித்தார்.
"உங்களை எத்தனை மணிக்குப் பிடிச்சாங்க?"
பதினாலாம் தேதி, விடிகாலை, மூணே முக்கால் இருக்கும்.
"இதுல பதிமூணாம் தேதி, பதினஞ்சு நாப்பத்தொண்ணு.
முந்தின நாள் மத்தியானம்!
கருவிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால ஓடுது கடிகாரம்.
நேரமே தப்புன்னா அளவை எப்படி நம்பறது?
அந்த நேரத்துல நீங்க ரோட்டுலயே இல்லை.
சரிதானே, தணிகாசலம்?"

சரிதான்.
பதிமூணாம் தேதி மத்தியானம்
அணைக்கட்டில், மச்சான் புதுவீட்டு மொட்டை மாடியில்,
தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்தேன்.
மூன்றாவது கிளாஸ்.
"ஸ்கூல் விடப் போகுது,
பிள்ளைங்க வர்றதுக்குள்ள முடிச்சுத் தொலைங்கடா"
என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.
பதினைந்து நாற்பத்தொன்று
அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு மணிக்கே படுத்தேன்.
இரண்டரைக்கு எழுந்து பல் துலக்கினேன்,
தலைக்கு ஊற்றினேன்,
தெளிவாகத்தான் வண்டி எடுத்தேன்.
தெளிவாக என்றுதான் நினைக்கிறேன்.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறீரா?"
இல்லை என்றேன்.
கருவியில் ஊதியபோது இருந்த மூச்சுகூட
அந்தச் சொல்லுக்கு வரவில்லை.
வாய்தா, அடுத்த மாதம் இருபத்திரண்டு.

வண்டி திரும்பி வந்துவிட்டது.
சீட்டு இப்போது முழு வெள்ளை,
முப்பத்தெட்டு ஜெராக்ஸில் மட்டும் நிற்கிறது.
இரண்டரை மணிக்கு எழுந்ததும்
உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்க்கிறேன்.
பல்பொடி வாசனை.
சம்பூரணத்திடம் நீட்டுகிறேன்.
தூக்கத்திலேயே முகர்ந்துவிட்டு
"போ" என்கிறாள்.
சில நாள், முகர்வதும் இல்லை,
சாவியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.