எந்தக் காலில் எடை

கட்டை என்றுதான் பெயர்.
உள்ளே மரத்தின் வாசனைகூட இல்லை.
எஃகுத் தலை, கிராஃபைட் தண்டு,
கம்பளித் தொப்பி போட்ட கனவான்.
போன இலையுதிர் காலத்தில்
யார்க்டன் பக்கத்துப் பண்ணை ஏலத்தில்
முப்பது டாலருக்கு
எனக்கு வாழ்க்கைப்பட்டான்.

எங்கள் மைதானத்தில் ஒன்பதே குழிகள்.
கொடியைச் சுற்றிப் பச்சைப் புல் இல்லை,
எண்ணெய் தெளித்த மணல் வட்டம்.
ஆடி முடித்தவர்
இரும்புக் குழாயை இழுத்துத்
தன் காலடித் தடத்தைத் தானே அழித்துவிட்டுப் போகவேண்டும்.
கட்டணம் போடுவது பழைய பால்கேனில்.
பூட்டு கிடையாது.

ஐந்தாம் குழிக்குப் போகும் வழியில்
ஒரு சேற்றுக்குட்டை.
இப்பால் என் பந்து, அப்பால் கொடி,
நடுவே நூற்று எழுபது கெஜம்.
இந்தக் கோடையில் பதினான்கு பந்துகள்
கொடுத்திருக்கிறேன்.
தவளைகள் இந்நேரம்
தனியாக ஒரு கிளப் தொடங்கியிருக்கும்.

என் பிழை எனக்குத் தெரியாமலில்லை.
பந்து எழவேண்டுமே என்று
கூடவே நானும் எழுகிறேன்.
தோள் பின்னால் சாய்கிறது.
பந்தின் அக்குளில் கைகொடுத்துத்
தூக்கிவிடப் பார்க்கிறேன்.
கட்டையின் விளிம்பு
அதன் உச்சந்தலையில் படுகிறது.
எலி மாதிரி
புல்லுக்குள் ஓடி
தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

"இடது குதிகாலுக்கு நேராக வை" என்றாள் ஓடெட்.
"இல்லை, இரண்டு அங்குலம் உள்ளே" என்றான் லோர்ன்.
கல்யாணமாகி முப்பத்தோரு வருடம் அவர்களுக்கு.
அந்த இரண்டு அங்குலத்தை
ஆறாம் குழிவரை சண்டைபோட்டுக்கொண்டே போனார்கள்.
என் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

பகலில் எனக்குத் தானியக் கிடங்கில் வேலை,
லாரி எடைமேடையில்.
கோதுமையா கனோலாவா,
ஈரம் எவ்வளவு, பாரம் எவ்வளவு,
முன் அச்சில் எத்தனை, பின் அச்சில் எத்தனை,
சன்னலைத் திறக்காமலே சொல்லிவிடுவேன்.
என் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று மட்டும்
அடித்து முடிக்கும்வரை தெரிவதில்லை.

ஜூலை முதல் செவ்வாய்.
தனியாகத்தான் ஆடினேன்.
பந்துக்குப் பத்தடி தள்ளி
ஒரு கில்டீர்,
எங்கள் ஊர் ஆட்காட்டி,
சிறகு ஒடிந்ததுபோலத் தரையில் இழுத்துக்கொண்டு
என்னைப் பார்த்துக் கதறியது.
பாதையோரச் சரளையில்
சரளை நிறத்தில் நாலு முட்டை.

அது நடிப்பை நிறுத்த
நான் போகவேண்டும்.
நான் போக
பந்து போகவேண்டும்.
எழுமா என்று கேட்க நேரமில்லை.
பந்துக்கு ஒரு சாண் முன்னால்
பஞ்சாகிப்போன டான்டேலியன் ஒன்று.
அதைத் துடைத்தால் போதும் என்று
அரை வீச்சு வீசினேன்.

பஞ்சு பறந்தது.
புல் உரசிய சத்தம்,
வைக்கோலைக் கையால் ஒதுக்குவதுபோல.
பந்து எப்போது கிளம்பியது என்று நான் பார்க்கவில்லை.
நிமிர்ந்தபோது
குட்டைக்கு மேலே, உயரத்தில்,
யாருடைய உதவியும் இல்லாமல்
போய்க்கொண்டிருந்தது.
வலது குதிகால் தரையை விட்டிருந்தது.
மொத்தப் பாரமும் இடப்பக்கம் வந்து
லாரி நின்றதும் எண் நிற்பதுபோல
நின்றிருந்தது.

பந்து மணலில் குதித்து, நிற்காமல்,
வேலிக்கு அந்தப்புறம் கனோலாவுக்குள் போயிற்று.
அந்தக் குழியில் ஏழு எழுதினேன்.
திரும்பிப் பார்த்தால்
ஒடிந்த சிறகை ஒழுங்காக மடித்துக்கொண்டு
கில்டீர் நடந்து போகிறது.

அடுத்த செவ்வாய்
அதே இடம், அதே கட்டை.
லோர்ன் புல் வெட்டியிருந்தான்.
டான்டேலியன் இல்லை.
பறவையும் குஞ்சுகளோடு எங்கோ போய்விட்டிருந்தது.
எழுமா என்று கேட்க
வேண்டிய நேரம் இருந்தது.
பதினைந்து.

புதன் காலை, லாரி வராத இடைவெளியில்,
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு
எடைமேடையின் நடுவில் ஏறினேன்.
பின்னால் கொண்டுபோய்
மெதுவாக முன்னால் வீசினேன்.
சிந்திய கோதுமை நாலு மணி உருண்டது.
பலகையில் எழுபது என்று வந்தது.
எந்தக் கால் என்று
அது சொல்லவில்லை.