பதினோராவது வாக்கியம்

வெள்ளிக்கிழமை, கம்யூனிட்டி ஹெல்த் வகுப்பு.
நைட் டியூட்டியின் டெட்டால் வாசனை
இன்னும் விரலிடுக்கில்.
எம்.எஸ்ஸி. படிக்கும் அக்கா ஒருத்தி
ஆய்வுக்கென்று நாலு பக்கத் தாள் கொடுத்தாள்.
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
சரியான விடை, தவறான விடை என்று எதுவுமில்லை என்றாள்.
அப்படியொரு பரீட்சையை நாங்கள் எழுதியதேயில்லை.

நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
முழுதும் ஏற்கிறேன் தொடங்கி
முழுதும் மறுக்கிறேன் வரை.
கோபத்தில் விழும் ஒரு அறை வன்முறை ஆகாது.
ரோஸ்லின் என் தாளை எட்டிப் பார்த்து
"ஒரு அறைதானேடி" என்றாள்.
ஃபேன் அவள் குரலை அரைத்துக்கொண்டது.

பதினொன்று:
அடி வாங்கும் பெண் நினைத்தால்
அவனை விட்டுப் போய்விடலாம்.
முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.
மெஸ்ஸில் அன்று முட்டை.
தாமதமானால் தீர்ந்துவிடும்.

கடைசிப் பக்கம் நம்பிக்கை பற்றியது.
எந்தச் சிக்கலிலும் எனக்கொரு வழி தென்படும்,
ஒன்று முதல் எட்டுக்குள் மதிப்பெண் போடுக.
எட்டு போட்டேன்.
வயது இருபது, வேறென்ன போடுவது?

செவ்வாய் இரவு, கேசுவாலிட்டி.
காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் வந்தாள் அமுலு.
இடது புருவம் பிளந்திருந்தது.
"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் சிஸ்டர்."
பாத்ரூம் தரைக்கு விரல்கள் கிடையாது.
அவள் கழுத்தில் நாலு இருந்தன,
கட்டைவிரல் மறுபக்கம்.
ஏ.ஆர். புத்தகத்தில் சொன்னதைத்தான் எழுத வேண்டும்.
விழுந்ததாகக் கூறுகிறார்.
பக்கத்தைத் திருப்பினேன்.
கூறுகிறார், கூறுகிறார், கூறுகிறார்.

வாசலில் அவன்,
ஒரு கையில் பார்சல் டீ, மறு கையில் பன்.
அழுதுகொண்டிருந்தான். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதான்.
அவனை வெறுக்க எனக்கு
இரண்டு நிமிடம் தேவைப்பட்டது.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐந்து தையல். நான் தட்டைப் பிடித்திருந்தேன்.
டாக்டர் கை கழுவப் போனதும்
திரைக்குள் மெதுவாகக் கேட்டாள்,
"கும்மிடிப்பூண்டிக்கு மொத வண்டி எத்தினி மணிக்கு?"
அங்கே அவள் அக்கா இருக்கிறாளாம்.
"போறீங்களாக்கா?"
"சும்மா கேட்டேன்.
போன தபாவும் கேட்டேன்.
வண்டி இருக்குது, நீதான் ஏற மாட்டேங்கறேன்னு
அந்த சிஸ்டர் திட்டிச்சி.
பையனுக்குப் பரீட்சை நடக்குது.
வண்டி ஓடுதான்னு தெரிஞ்சா போதும்."

விடிந்ததும் ஆய்வுக்கார அக்காவிடம் போனேன்.
என் தாளைத் திருத்த வேண்டும்.
"பேர் இல்லையே, எது உன்னோடது?"
கட்டை என் பக்கம் தள்ளினாள்.
பதினொன்றை மட்டும் புரட்டினேன்.
டிக், டிக், டிக்,
முதல் கட்டத்தில், அல்லது அதற்கு அடுத்ததில்.
எல்லாம் நீல மை.
எல்லாம் என் கை போலவே இருந்தது.

ஒரே ஒரு தாளில் மட்டும் பதினொன்று காலி.
பேனா முனை கட்டத்தின் ஓரத்திலேயே உழுது உழுது
காகிதம் ஓட்டையாகியிருந்தது.
ஊதா மை. தீர்த்தகிரி.
"இது கணக்குல வராது, விடுபட்ட பதில்" என்றாள் அக்கா.
அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
மெஸ்ஸில் என் முட்டையை அவன் தட்டில் வைத்தேன்.
ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தையல் பிரிக்க வந்தாள்.
அவன் பைக்கை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.
பிளாஸ்டர் துண்டொன்றில்
நாலைந்து வண்டி நேரங்களைப் பொடியாக எழுதி வைத்திருந்தேன்.
போனின் பின்கவரைக் கழற்றி உள்ளே ஒட்டினேன்.
பூட்டுமுன் அவள் உதடசைத்து வாசித்தாள்,
கூட்டல் கணக்குப் போடுகிறவள் போல.

"ஞாயித்துக்கெழமையும் இதே டைம்தானா?"

வெட்கமாக இருந்தது.
ஞாயிற்றுக்கிழமையை நான் பார்க்கவேயில்லை.